ஒரு வாய் தண்ணீர்: திருச்சியில் ஒரு மனநல ஆலோசகரிடம் ஒன்பது அமர்வுகள்

திருச்சியில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் சிறிய மனநல ஆலோசனை மையத்துக்கு இந்த ஆண்டு மாசி மாதம் தொடங்கி வைகாசி முடிய ஒன்பது முறை சென்று வந்தேன். ஓட்டலைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் தாராளமாக எழுதுகிற நாம் இப்படிப்பட்ட ஒரு சேவையைப் பெற்றுக்கொண்டதை வெளியில் சொல்வதே இல்லை. அதனால், போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களுக்கு அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகிறது. எனக்கும் தெரியவில்லை; அந்தத் தயக்கத்திலேயே ஏழு மாதங்கள் போயின. ஆலோசகரின் பெயரை நான் எழுதவில்லை. சேவை பெறுபவரிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்பது அவருடைய தொழில் நெறி. நான் எழுதப் போவதாகச் சொன்னபோது, "உங்கள் அனுபவத்தை எழுதுவது உங்கள் விருப்பம், என் பெயர் மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லாமல் அவருடைய வேலையை மதிப்பிட முடியாது. என் தாயார் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். விழுங்கும் தசைகள் சரியாக இயங்காததால், வாய்வழியாக ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சியும் தண்ணீரும் மருந்தும். உதடும் நாக்கும் வறண்டு போகாமல் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவோம். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு மூன்று மணி இருக்கும், அம்மா குழறிய குரலில் "தண்ணி" என்று கேட்டார். ஐந்தாறு முறை கேட்டிருப்பார். மறுநாள் காலையில் அலுவலகத்தில் தணிக்கை. நான் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. "சும்மா இரும்மா, உயிரை வாங்காதே" என்று அதட்டிவிட்டேன். விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

கடைசி நேரத்தில் பெற்றவள் வாயில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவதற்காகத்தான் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஊரில், அந்த ஒரு வாய் தண்ணீரைக் கொடுக்காதவன் நான் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. நாள் தவறாமல் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் டம்ளரைக் கையில் எடுத்தால் தொண்டை அடைத்தது. தை அமாவாசையன்று பெற்றோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனவன், கையில் தண்ணீரை ஏந்த முடியாமல் படியேறித் திரும்பி வந்துவிட்டேன். அன்று மாலைதான் என் மனைவி, இனிமேல் இதை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க முடியாது என்று சொன்னார்.

இதற்கு முன் வேறு ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை போயிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் அங்கிருந்தவர், "வயதான உயிர், விதி முடிந்தது, இதற்குப் போய் உங்களை வருத்திக்கொள்ளலாமா" என்று தேற்றினார். தன்னுடைய தாயார் இறந்த கதையைச் சொன்னார். நடுவில் இரண்டு முறை கைப்பேசியில் பேசினார். முடிவில் தியானம், காலை நடை, அன்னதானம் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னவற்றில் கெடுதலானது ஒன்றுமில்லை. ஆனால், துக்கம் விசாரிக்க வந்த உறவினர்கள் அத்தனை பேரும் அதையேதான் காசு வாங்காமல் சொல்லியிருந்தார்கள். மனநல ஆலோசனை என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் எல்லாம் ஆலோசனை ஆகிவிடாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான்கு மாதங்களை மிச்சப்படுத்தியிருப்பேன்.

இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிப்பதும் ஆசிரியர்களின் பணியிட மாறுதலும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆலோசனை என்றாலோ, ஒருவர் யோசனை சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்வது என்று பொருள்படுகிறது. இலங்கைத் தமிழர்கள் உளவளத்துணை என்கிறார்கள். ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் வழக்கில் உண்டு. எனக்கு ஆற்றுப்படுத்தல் பிடித்திருக்கிறது. சூடான பாலை ஆற்றுகிறோம், அழும் பிள்ளையைத் தேற்றி ஆற்றுகிறோம். ஆறு என்றால் வழி என்றும் பொருள், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படை என்று சங்கப் பாடல்கள் சொல்லும். அந்த மாடி அறையில் நடந்ததற்கு இந்த இரு பொருளும் பொருந்தின.

முதல் அமர்வு ஒரு மணி நேரம். என் துக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே, நான் சொல்வது எதுவும் அறையை விட்டு வெளியே போகாது என்பதையும், எந்தச் சூழ்நிலைகளில் அந்த உறுதியை அவரால் காக்க முடியாது என்பதையும் விளக்கினார். என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால், அல்லது நீதிமன்றம் ஆணையிட்டால், அவர் பேசித்தான் ஆக வேண்டும். இதையெல்லாம் அச்சடித்த தமிழ்த் தாளில் கொடுத்து, நான் வாசித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகே கையெழுத்து வாங்கினார். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்க வேண்டிய கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே 23ஆம் பிரிவில் விதித்திருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சின்ன ஊர் மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி மாளாது. என் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்தத் தெருவைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

அடுத்து ஒன்பது கேள்விகள் கொண்ட தாள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, குற்றவுணர்வு முதலியவை எத்தனை நாள் தொல்லை கொடுத்தன என்று சுழியம் முதல் மூன்று வரை எண் இட வேண்டும், மொத்தம் 27. உலகெங்கும் மனச்சோர்வை அளவிடப் பயன்படும் வினாத்தாள் இது. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்றார். எனக்கு 14 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்போ தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதை எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், என் கண்ணைப் பார்த்து வாய்விட்டும் கேட்டார். நான் திடுக்கிட்டேன். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார்.

அவருடைய அணுகுமுறையைப் பற்றிச் சொல்வதென்றால், முதல் மூன்று அமர்வுகளில் அவர் அறிவுரை என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னதைத் தன் சொற்களில் சுருக்கிச் சொல்லி, சரிதானா என்று கேட்பார். நான் "அம்மாவைக் கொன்றுவிட்டேன்" என்றபோது, அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று மறுக்கவில்லை. "அந்த வார்த்தையைத்தான் ஏழு மாதமாக உங்களுக்குள்ளே சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றார். மற்றவர்கள் எல்லோரும் என் வாயை மூடிய இடத்தில் அவர் என்னை மேலே பேச வைத்தார். நான் மௌனமாகிவிட்டால் அவரும் பேசமாட்டார். மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனம் முதலில் கூச்சமாகவும், பிறகு பழகியதாகவும், ஒரு கட்டத்தில் எனக்குத் தேவையானதாகவும் ஆயிற்று.

இந்த முறைக்கு வேர் எங்கே என்று பிறகு கேட்டேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டார். நாடி வருபவரைத் தீர்ப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்வது, அவர் இருக்கும் இடத்தில் நின்று அவருடைய உணர்வைப் புரிந்துகொள்வது, ஆலோசகர் போலித்தனமில்லாமல் இருப்பது ஆகியவை ஒருவர் மாறுவதற்கு இன்றியமையாதவை என்பது ரோஜர்ஸின் கருத்து. அவை மட்டுமே போதும் என்றும் ரோஜர்ஸ் கருதினார். என் ஆலோசகர் அந்த அளவுக்குப் போகவில்லை. தூக்கம் கெட்டவனுக்குத் தூக்கத்துக்கான பயிற்சியும் வேண்டும், எண்ணம் ஒரே தடத்தில் சுற்றுபவனுக்கு அந்தத் தடத்தைக் காட்டவும் வேண்டும் என்பது அவருடைய நிலை. எனக்கு அது சரியாகவே பட்டது.

நான்காவது அமர்வை விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று, அந்த இரவை இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். எத்தனை மணிக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினேன், அம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன், விளக்கு எரிந்ததா, யார் எங்கே படுத்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்டார். நான் அதட்டிய இடத்துக்கு வந்து நின்றுவிட்டேன். ஏழு மாதமாக என் மனத்தில் ஓடிய காட்சி எப்போதும் அந்த இடத்தில்தான் முடியும். "அப்புறம்?" என்றார். அப்புறம் எழுந்து போய், எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, அம்மாவின் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டு வந்து படுத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதுகூட அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. தினம் பத்துத் தடவை செய்கிற வேலை அது. அவர் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "தண்ணீர் கொடுக்காததற்காக வருந்துகிறீர்களா, அதட்டினதற்காக வருந்துகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் அன்று அழுத அழுகை அம்மாவின் எடுப்பு நாளில்கூட அழாத அழுகை. இரண்டும் வேறு வேறு என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கொடுக்காதது மருத்துவர் சொல்லி, அம்மாவின் நன்மைக்காகச் செய்தது. அதட்டியது என் களைப்பு, என் சொல், என் குற்றம். ஒன்றுக்குரிய தண்டனையை மற்றொன்றுக்காகவும் சேர்த்து அனுபவித்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் அவரை மிகவும் மதிக்கிற இடம் வருகிறது. அதட்டியதையும் அவர் மன்னித்துத் தள்ளிவிடவில்லை. "அது கடுமையான சொல்தான், அதுக்கு நீங்க வருத்தப்படுறது நியாயம்தான்" என்றார். அப்படி அவர் ஒப்புக்கொண்டதால்தான் மற்றதைப் பற்றி அவர் கேட்ட கேள்வியை என்னால் நம்ப முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஆறுதல் சொல்கிறவரை எதிலும் முழுதாக நம்ப முடிவதில்லை.

அதன் பிறகு வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் வந்தன. ஒரு நோட்டில் கோடு போட்டு, என்ன நடந்தது, அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, எவ்வளவு வலித்தது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த சிந்தனை மற்றும் நடத்தைச் சிகிச்சையிலிருந்து வந்த பயிற்சி இது. எனக்கு இது அவ்வளவாக ஒட்டவில்லை. கணக்கு எழுதுவதே தொழிலாக உள்ளவனுக்கு இதுவும் ஒரு பேரேடாகிவிட்டது. அதைச் சொன்னபோது வற்புறுத்தாமல், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதும்படி மாற்றிக்கொடுத்தார். தூக்கத்துக்கான பயிற்சி கைமேல் பலன் தந்தது: மூன்று மணிக்கு விழித்தால் படுக்கையிலேயே புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும், கடிகாரத்தையும் கைப்பேசியையும் பார்க்கக் கூடாது, தூக்கம் வந்தால் மட்டுமே திரும்பிப் படுக்க வேண்டும், எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். முதல் பத்து நாட்கள் பெரும் சிரமம்.

அவர் மருத்துவர் அல்லர், மருந்து எழுதும் தகுதி அவருக்கு இல்லை. இதை முதல் நாளே தெளிவாகச் சொன்னார். மூன்றாவது வாரமும் தூக்கம் சரியாகாததால் ஒரு மனநல மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். தைராய்டு குறைவும் சில சத்துக் குறைவுகளும்கூட மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால் அங்கே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சீராக இருந்தன. இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை தந்தார்கள். தன் எல்லையை அறிந்து அடுத்தவரிடம் அனுப்பும் இந்தக் குணத்தை நல்ல ஆலோசகருக்குரிய முதல் அடையாளமாக நான் கருதுகிறேன். என் துக்கத்துக்கு நோய்ப் பெயர் வைக்கவும் அவர் அவசரப்படவில்லை. ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு சொல்கிறது. ஆனால், அவரவர் பண்பாட்டில் துக்கத்துக்குரிய காலமும் முறையும் என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது என்று விளக்கினார்.

ஆறாவது அமர்வுக்கு, என் சம்மதம் கேட்டு, மனைவியையும் வரச் சொன்னார். அந்த இரண்டு ஆண்டுகளில் பகல் முழுதும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவருக்கும் சொல்ல இருந்தது, நான் கேட்கவே இல்லை என்பது அன்றுதான் விளங்கியது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு உரிமையில்லை.

சடங்குகளை அவர் கையாண்ட விதத்தையும் குறிப்பிட வேண்டும். படித்துறையிலிருந்து நான் திரும்பி வந்ததைச் சொன்னபோது, போங்கள் என்றும் சொல்லவில்லை, அதெல்லாம் மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் உங்களுக்கு என்ன என்று மட்டும் கேட்டார். கொடுக்காமல் விட்ட தண்ணீர் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டார். சித்திரை அமாவாசைக்கு நானாகவே அம்மா மண்டபம் போனேன். கோடைக் காவிரியில் நீர் குறைவு. மணலில் கொஞ்சம் நடந்துதான் கைநிறைய அள்ள முடிந்தது. மூன்று முறை விட்டேன்.

குறைகளும் உண்டு. மையம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மூட்டு வலிக்காரர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏற முடியாது. காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போடப்பட்டிருப்பதால், யாரும் யாரையும் பார்த்துவிடாமல் இருக்க எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அமர்வுகளுக்கு இடையே கால்மணி நேரம் விட்டால் இந்தச் சங்கடம் இருக்காது. முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டணம் முதல் அமர்வுக்கு 1,200 ரூபாய், அதன் பிறகு ஐம்பது நிமிட அமர்வுக்கு 900 ரூபாய். ஒன்பதுக்கும் சேர்த்து எனக்கு 8,400 ரூபாய் ஆயிற்று. மாணவர்களுக்குக் குறைத்து வாங்குகிறார். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அப்போதும் எட்டாத தொகைதான் இது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பணம் தடையாக இருப்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களுக்காகச் சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் இயங்கிவருகிறது. அப்படிப்பட்ட எண்ணம் இருப்பவர் என்னைப் போல மூன்று வார முன்பதிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும், அல்லது மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தனியாரிடம் போகிறவர்கள் தகுதியைத் தயங்காமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். கவுன்சிலர் என்ற பலகையைச் சில நாள் பயிற்சி பெற்றவர்களும் மாட்டிக்கொள்வதால், எங்கே படித்தார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், தானும் ஒரு மூத்தவரிடம் தன் பணியைப் பற்றிக் கலந்துபேசுகிறாரா என்று விசாரிப்பது நல்லது. நான் கேட்டபோது என் ஆலோசகர் முகம் சுளிக்காமல் சான்றிதழ்களை எடுத்துக் காட்டினார். முதல் அமர்விலேயே தீர்வு சொல்லிவிடுபவரிடமும், உங்களைவிட அதிகம் பேசுபவரிடமும் இரண்டாவது முறை போக வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

எட்டாவது அமர்வில் அதே ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்பினேன், 6 வந்தது. மூன்று மணி விழிப்பு இப்போதும் வாரத்தில் ஒரு நாள் வருகிறது. நான் சொன்ன சொல்லின் வருத்தம் அப்படியே இருக்கிறது, அது போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. தண்ணீரைத் தொண்டையில் அடைக்காமல் குடிக்கிறேன். வருகிற ஆடியில் அம்மாவின் முதல் ஆண்டுத் திதி. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அமர்வு கேட்டு வாங்கியிருக்கிறேன்.